பெட்டிக்கும் ஒரு பாடு

மறுபடியும் இரண்டு கரைகளும் ஒரே நேரத்தில் பேசின. பழவேற்காட்டு மாடியறையில், 1984-இல் ஊருக்கே ஒன்றாக இருந்த கணினியின் திரையில், எழுத்துகள் நண்டுக் கால்களாகச் சிதறின.

தோணிரேவில் கிருஷ்ணனிடம் ஒரு ரேடியோ பெட்டி. எதிர்க்கரையில் ஆபிரகாமிடம் இன்னொன்று. அன்றைய இறால் எடையைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால், கம்பியில்லாமல் மாடியறையிலிருக்கும் ஆய்வு மாணவன் அப்துல் ஹையிடம் வந்து சேரவேண்டும். ஆறு வருட ஆராய்ச்சி. நாளை பேராசிரியர் தாமோதரன் பார்க்க வருகிறார். வருடத்துக்கு ஒரு மாணவரின் ஆய்வேட்டில்தான் அவர் கையெழுத்திடுவார். இந்த வருடம் ஹையின் முறை, அடுத்தது உடன் படிக்கும் சாந்தி. தவறினால் ஹைக்கு மாமாவின் லுங்கிக் கடைதான்.

ஹை ஏரியல் கம்பத்தை உயர்த்தினான். இரண்டு பெட்டிகளின் அலைகளும் இன்னும் பலமாக மோதிக்கொண்டன.

படகில் போய், “சேரலைன்னா திரும்ப அழுத்துங்க” என்று இருவரிடமும் சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம்வரை இருவரும் சேர்ந்தே அழுத்தினார்கள்.

“இன்னா பாய், வெரல் வீங்கிப்போச்சு. வலை இழுக்கறதே தேவலாம்” என்றான் கிருஷ்ணன்.

ஹை விடுவதாக இல்லை. ஏரியில் வலைகள் மோதாமலிருக்க மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. பாடு இல்லாதவன் வலையை நனைக்கமாட்டான்.

“பொட்டிக்கும் பாடு வெச்சிக்குவோம். ஒரு நிமிஷம் நீ, ஒரு நிமிஷம் ஆபிரகாம்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?”

மறுநாள் தாமோதரன் திரைமுன் அமர்ந்தார். முதல் நிமிடம் தோணிரேவு, துல்லியமாக. இரண்டாவது நிமிடமும் தோணிரேவு. மூன்றாவதும்.

“எதிர்க்கரை எங்கப்பா?”

“வரும் சார்.”

ஹை கருவியைத் திறந்து ஒரு திருகைத் திருகினான். தோணிரேவும் போய்விட்டது.

பேராசிரியரையும் ஏற்றிக்கொண்டு படகு எதிர்க்கரைக்குப் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் ஆபிரகாம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏண்ணே அழுத்தல? ரிப்பேரா?”

“பொட்டி நல்லாத்தான் கீது பாய். என் பாட்ட கிருஷ்ணனுக்கு வுட்டுக் குடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“அவன் பொண்ணுக்கு வர்ற மாசம் கல்யாணம். ஏரில பாட்டக் குடுத்துட்டு, பொட்டில மட்டும் நான் வெச்சிக்கினா நல்லாவா இருக்கும்?”

ஹைக்கு லுங்கிக் கடை கண்ணில் தெரிந்தது. தாமோதரன் தொடையில் தட்டினார்.

“பிரமாதம்! தேவைப்படுறவனுக்கு முறைய விட்டுக்கொடுக்கிறது! உன் ஆய்வேட்டுல இல்லாத அத்தியாயம் இதுதான்யா!”

“அப்போ கையெழுத்து, சார்?”

பேனாவைத் திறந்த தாமோதரன் ஏதோ நினைவு வந்தவராய் மூடினார்.

“நம்ம சாந்திக்கும் வர்ற மாசம்தான் கல்யாணம். உன் பாட்ட அவளுக்கு விட்டுக்கொடுத்துடேன்.”