ஈரம் படக் கூடாத அரசாங்கச் சொத்து

லாரியிலிருந்து இறங்கிய பெட்டிகளைப் பார்த்ததும் தலைமையாசிரியர் இராமையாவுக்கு வயிறு எரிந்தது. கல்வி இலாகாவிடம் அவர் கேட்டது ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம். மத்தியானத்திலும் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு நடுங்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்திருப்பதோ ஆறு மின்விசிறிகள்.

"கையெழுத்துப் போடுங்க சார்," என்றார் இலாகா லாரி ஓட்டும் சிங்காரம்.

"இந்தக் குளிருல காத்தாடி யாருக்கு வேணும் லா? திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"திருப்பினா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணும் தேவையில்லன்னு எழுதிடுவாங்க. அடுத்த வருசம் ஒரு காசு வராது."

இராமையா கையெழுத்துப் போட்டார். அது 1981 டிசம்பர்.

பள்ளியில் ஒழுகாத இடம் ஒரே ஒரு மூலைதான். மழை வந்தால் முப்பது பிள்ளைகளும் அங்கேதான் ஒண்டுவார்கள். இப்போது அங்கே பெட்டிகள் ஏறின. அரசாங்கச் சொத்து நனைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிள்ளைகள் நனைந்தால் எவனும் எதையும் பிடிக்க மாட்டான்.

அடுத்த ஆண்டு காரசாரமாக எழுதினார். டிசம்பரில் பன்னிரண்டு மின்விசிறிகள் வந்தன.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்பு சீதா, நனைந்து நனைந்து நெஞ்சுச் சளியோடு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இராமையாவுக்குத் தூக்கம் போயிற்று.

"நாம மலைமேல இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியாது போல சார்," என்றார் ஆசிரியை திலகம். "படம் புடிச்சு அனுப்புங்க."

குடைபிடித்தபடி வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைப் படம் எடுத்து, பெற்றோர் கைநாட்டோடு அனுப்பினார். மேலதிகாரி கண் கலங்கினாராம். பதிலே வந்துவிட்டது: 'சிக்கனமும் பொறுப்பும் மிக்க புதிய நிதி நடைமுறையின்படி உடனே ஆவன செய்யப்படும்.'

ஆவன செய்தார்கள். டிசம்பரில் இருபத்து நான்கு மின்விசிறிகள் வந்தன.

"முட்டாப் பசங்க," என்றார் இராமையா. பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது. "இந்தத் தடவ மந்திரிக்கே எழுதப் போறேன்."

சிங்காரம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க சார். நீங்க எழுத எழுத, கூரைக்குன்னுதான் பணம் கூடிக்கிட்டே வருது. ஆனா இலாகா கைக்கு அது வர்றதே டிசம்பர் இருவது. முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணலன்னா திரும்பப் போயிடும். பத்து நாள்ல எவன் சார் கூரை போடுவான்? அதான் கடையில உடனே கிடைக்கிற காத்தாடியா எல்லாத்துக்கும் வாங்கிடுறாங்க."