ஒன்பது எழுத்தில் ஒரு மாப்பிள்ளை

ஆங்கிலமே தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. நன்றாகத் தெரிந்தவனாலும் கிடையாது. இருபது வார்த்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறான் பாருங்கள், அவனைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது. என்னை 2010-இல் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்குள் விட்டார்கள். பெண் பார்க்க.

அப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் குடோனில் எனக்கு வேலை. டிரம்களை இறக்க வேண்டும், அடுக்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்டதுமே பெண் வீட்டார் முகம் மாறிவிடும். "கெமிக்கலா? யோசிச்சு சொல்றோம்" என்பார்கள். (இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு.) அதனால் இந்த முறை என் தாய்மாமா துணிந்துவிட்டார்.

"ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டேன்டா. வெள்ளக்காரன் வந்தா இவன்தான் இங்கிலீஷ்ல பேசி அனுப்புவான்னும் சேத்து உட்டுருக்கேன். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

திறக்காமல்தான் இருந்தேன். கவிதா வந்து நின்றதும் அதுவாகத் திறந்துகொண்டது. அம்மா தொடையில் கிள்ளி மூட வைத்தார். காபி கொடுத்த கவிதா தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்து, "சக்கர போதுமா?" என்றாள். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் டிரம்மோடு டிரம்மாக நின்றுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அப்போது கரண்ட் போனது. (அந்த வருஷங்களில் கரண்ட் போவது செய்தியல்ல, வருவதுதான்.) அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஃபேன் நின்றால் ஆட்டம் தொடங்கிவிடும். எத்தனை எழுத்து, உள்ளே எந்த இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார். அதற்குப் பொருந்தும் ஆங்கில வார்த்தையையும் தமிழில் அதன் அர்த்தத்தையும் மற்றவர்கள் சொல்ல வேண்டும். விருந்தாளிக்கும் விலக்கில்லை. ஜவுளிக்கடை வைத்திருந்த கவிதாவின் அப்பாவுக்கு இதில் அப்படியொரு பைத்தியம்.

"தம்பிக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாமே! ஆறு எழுத்து. உள்ள ஜி, ஏ."

"டேஞ்சர்! ஆபத்து!" எனக்கே ஆச்சரியம்.

அம்மா வெற்றிலைத் தட்டைக் கவலையோடு பார்த்தார். கவிதா மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "கார்டன், தோட்டம். அவுரு சொன்ன அதே ஆறு எழுத்துதாம்ப்பா, கலைச்சுப் போட்டேன்" என்றாள். அதை விரல்விட்டுச் சரிபார்க்க எனக்குத் திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை ஆனது.

"அஞ்சு எழுத்து. எக்ஸ், ஓ."

"பாக்ஸர், குத்துச்சண்ட போடறவன்" என்றான் கவிதாவின் தம்பி ரமேஷ். கல்லூரி மாணவன்.

"டாக்ஸிக்! நச்சு!" என்றேன் நான். மாமா என் காலை ஓங்கி மிதித்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

"ஒம்பது எழுத்து. ஓ, வி."

ரமேஷ் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். கவிதாகூட ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். உட்கார்ந்து சொல்கிற வார்த்தைகளா அவை?

"கரோசிவ்! சதைய அரிக்கும்! எக்ஸ்ப்ளோசிவ்! வெடிச்சுச் செதறும்!"

பூ, பழம், வெற்றிலை, நல்ல நேரம். நடுவில் நான் வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தேன்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வாயில நல்லதா ஒண்ணு வருதா பாரு!" என்று தலையில் கைவைத்தார் கவிதாவின் அத்தை.

கவிதாவின் அப்பா எழுத்துகளை எண்ணி முடித்தார். "ரெண்டும் கரெக்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆபீஸ் வேலன்னாங்களே தம்பி, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"பேப்பர்ல படிப்பான்..." என்று மாமா ஆரம்பித்தார்.

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "டிரம்முல சார். குடோன்லதான் வேல. மேல ஒட்டியிருக்கும்."

"வெடிக்கிற சாமான் பக்கத்துல நிக்கிற ஆளா? வேணாம்ண்ணா, யோசிச்சு சொல்றோம்னு சொல்லுங்க" என்றார் அத்தை. அந்த வாக்கியத்தை நன்கு அறிந்த என் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருங்கத்த" என்றாள் கவிதா. பிறகு என்னிடம், "எல்லா டிரம்மையும் படிப்பீங்களா?"

"படிச்சு, அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுதாங்க கையே வெப்பேன். பயம் ஜாஸ்தி."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "தெரியாமத் தொட்டாத்தானப்பா ஆபத்து? இவுரு சாயங்காலம் முழுசா வீடு வந்து சேருவாரு. எனக்குச் சம்மதம்."

அத்தனை வருஷம் எத்தனையோ வீட்டார் யோசித்தும் வராத யோசனை, அவளுக்கு ஒரு கரண்ட் கட்டுக்குள் வந்துவிட்டது. பதில் சொல்ல என்னிடம் ஆங்கிலமும் இல்லை. டிரம்மில் சந்தோஷமான வார்த்தையை யாரும் ஒட்டுவதில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் மச்சான் ரமேஷ் ஒரு பிளக்ஸ் கட்டினான். மேலே மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே பட்டு வேட்டியில் நான். 'எச்சரிக்கை! கவனமாகக் கையாளவும்!' மணமேடைக்கு வந்த கூட்டத்தைவிட அதன் முன்னால் போட்டோ எடுத்த கூட்டம் ஜாஸ்தி.

அது இன்றும் கிழியவில்லை. வெயில் வந்தால் மாமியார் மொட்டைமாடியில் அதை விரித்து என் கண், மூக்கு, புன்னகை எல்லாவற்றின் மேலும் மிளகாய் காயவைக்கிறார். பக்கத்து வீட்டம்மா புதுத் தார்ப்பாய் கொடுத்தாராம். வாங்கவில்லை.

"எங்க மாப்ள மேல காஞ்சாத்தாங்க காரம் நிக்கிது."