நான் தீட்சை வாங்காமல் திரும்பிய கதை

எனக்குப் பக்தி உண்டா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கோயிலுக்குப் போனால் கும்பிடுவேன். போகாவிட்டால் அந்த நினைப்பே வராது. (என்னைப் போன்ற ஆளைப் பக்தரும் நம்புவதில்லை, நாத்திகரும் சேர்த்துக்கொள்வதில்லை.) ஆனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேசாமல் பக்தர் பக்கமே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

காரணம் என் மாமனார். கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்பவர். வெளியூர்ச் சுவாமிகள் ஒருவரிடம் தீட்சை வாங்கிக் கழுத்தில் உருத்திராட்சம் ஏறிய நாளிலிருந்து, மொத்தக் குடும்பத்தையும் அவரிடம் சேர்த்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார். மாமியார் பிடிகொடுக்கவில்லை. "நான் கும்புடுற சாமிக்கு என்னை நல்லாத் தெரியும். நடுவுல ஆள் வேணாம்" என்றுவிட்டார். மிச்சமிருந்தது மருமகன் நான். புதுக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன், மாமனாரிடம் மறுத்துப் பேசி அறியாதவன். தீட்சைக்காகச் சில வாரம் கறி, மீன் தொடாமல் இருந்தேன். (மணமேல்குடி மீன்காரர், எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக் கடைக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.)

கீரமங்கலம் கல்யாண மண்டபத்தில் சுவாமிகளின் உரை. தலைப்பு 'சினத்தை வெல்வோம்'. உரை முடிந்ததும் தீட்சை. சுவாமிகளைப் புதுக்கோட்டையிலிருந்து காரில் அழைத்து வருவது என் பொறுப்பு.

அவர் பூஜை முடித்துக் கிளம்பவே நேரமாகிவிட்டது. ஆலங்குடி தாண்டியதும் மாமனார் போன். காரின் ஸ்பீக்கரில் அவர் குரல் அலறியது.

"மாப்ளே, எங்க வாரீங்க? சனம் எந்திரிச்சுப் போகப் பாக்குது. சாமிய ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. போனை மைக்குல வச்சுப் பிடிக்கிறேன்."

சுவாமிகள் முன்னால் சாய்ந்து தேன் ஒழுகப் பேசினார். "அன்பர்களே, பொறுமையாக இருங்கள். பொறுமை உள்ள இடத்தில்தான் இறைவன் குடியிருக்கிறான்."

மறுமுனையில் கைதட்டல். அதோடு பேச்சு முடிந்தது, ஆனால் போனை யார் வைப்பது? பெரியவர்கள் பேசிய போனை நாம் முதலில் வைக்கக் கூடாது, மாமனாரே வைப்பார் என்று நான் விட்டுவிட்டேன். சுவாமிகள் பேசிய போனைத் தாம் எப்படி வைப்பது என்று மாமனார் அதை மைக்கிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு பக்கமும் அப்படியொரு மரியாதை!

அடுத்த வளைவில் ஓர் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. நான் பிரேக்கை மிதித்ததில் சுவாமிகளின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏய், கண்ணு அவிஞ்சு போச்சா? ரோட்ட ஒங்கப்பனா போட்டான்? நாசமாப் போறவளே!" (இது நான் எழுதக்கூடிய பகுதி.)

ஆடு மேய்த்துவந்த அம்மா அசரவில்லை. "என்ன சாமி, காவியக் கட்டிக்கிட்டு இந்தப் பேச்சுப் பேசுறீங்க? ஆடே வெக்கப்பட்டு அங்கிட்டு ஒதுங்குது பாருங்க!"

அப்போது காருக்குள் 'ஓ'வென்று ஒரு பெருஞ்சத்தம் எழுந்தது.

"என்னப்பா வண்டியில சத்தம்?" என்றார் சுவாமிகள்.

"சைலன்சர் போயிருச்சு போல சாமி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மண்டபத்தில் இறங்கியபோது எங்களை யாரும் எதிர்கொள்ளவில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் எங்களைப் பார்த்ததும் வாத்தியத்தைக் கீழே வைத்தார். மாமனார் மைக்கையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவாமிகள் மேடையேறி, "கோபம் என்பது..." என்றதும் முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. பக்கத்தில் இருந்த என் மனைவிதான் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள். போன் வைக்கப்படாமல் காரில் பேசியதெல்லாம் மண்டபத்து மைக்கில் கேட்டிருக்கிறது; நான் சைலன்சர் என்று நினைத்தது ஊர் சிரித்த சிரிப்பு.

தீட்சைக்குப் பேர் கொடுத்தவர்களை வரிசையாக அழைத்தார்கள். ஒருவரும் அசையவில்லை. என் பெயர் வந்ததும், பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், பழத்தட்டோடு நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். ஊரே என்னைப் பார்த்தது.

"பாவம், வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவரு. அவருக்குச் சரியாக் கேட்டுருக்காது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தட்டோடு உட்கார்ந்தேன். ஓர் ஆரஞ்சு மேடை வரைக்கும் உருண்டு போனது.

திரும்பும்போது சுவாமிகள் இடிபட்ட நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு மெல்ல, "எல்லாமே கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு சாமி."

"அந்தம்மா பேசுனது?"

"அது இன்னும் தெளிவாக் கேட்டுச்சாம் சாமி."

அந்த வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். உச்சி வெயிலில் இறங்கி நடந்து போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முன் கைகூப்பினார். "தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சுக்க."

அந்த அம்மா பதறி எழுந்தார். "ஐயையோ, எங்கிட்டப் போயி... அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் சாமி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்டபமே சிரித்த பிறகும் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கிறாரே, இவரல்லவா குரு! காரிலேயே தீட்சை கேட்டுவிடலாம் என்று கதவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கிடாய் பின்னால் வந்து அவருடைய காவித் துண்டைக் கவ்வி இழுத்தது.

"சனியனே! விடுறியா, மிதிக்கவா?"

திறந்த கதவைச் சாத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

மாமனார் அன்றைக்கே உருத்திராட்சத்தைக் கழற்றிவிட்டார். சாமியாரிடம் வந்த கோபத்தில் சாமியோடும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். உள்ளூர்க் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போவதில்லை.

"கண்டக்டர் வஞ்சாருன்னு பஸ்ஸே வேணாம்பீங்களா?" என்பார் மாமியார்.

"வஞ்ச கண்டக்டர நம்பி ஊரையே வண்டியில ஏத்தி விட்டவன் நானு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்ப ஸ்டாண்டுக்குப் போறது?" என்பார் மாமனார். கேட்டால் இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. வைத மனிதரும் உண்மை, வெயிலில் கைகூப்பிய மனிதரும் உண்மை. எதை வைத்து எதை முடிவு செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் புதிதாக வரும் உறவினர்கள், "மாப்பிள்ளை சாமி கும்புடுவாரா?" என்று சும்மா விசாரிப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் உள்ளேயிருந்து முந்திக்கொள்வார்:

"அவருக்கு இன்னும் டவர் கிடைக்கலைங்க. தேடிக்கிட்டே இருக்காரு."