கேத வீட்டு வாசலில் ஒரு வணக்கம்

சிரித்த முகம் வாய்ப்பது கொடுப்பினை என்பார்கள். அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவனைக் கேட்டால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

நான் நம் நாட்டு விமான நிறுவனத்தில், பயணிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். (ஊரில் எல்லாரும் பைலட் என்றே நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.) சேர்ந்தபோது அது சர்க்கார் கம்பெனி. அப்புறம் இன்னொன்றோடு இணைத்தார்கள், அப்புறம் விற்றார்கள். வாலில் இருந்த சின்னம் மாறியது, எழுத்து மாறியது, பெண்களின் சேலை மாறியது, என் கோட்டும் மாறியது. மாறாதது ஒன்றுதான். வாசலில் நின்று கைகூப்பி வரவேற்பது. அதுதான் கம்பெனியின் முகம் என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி, ஆளைக் கண்டால் கை தானாகவே கூடும்படி ஆக்கிவிட்டார்கள்.

அய்யா இறந்த செய்தி கேட்டு முதுகுளத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். அம்மா முன்பே போய்விட்டாள். பொங்கலுக்குக்கூட வராத ஒரே மகனை, அய்யாவும் போனபிறகு சொந்தக்காரர்கள் தங்கள் ஆளாக வைத்துக்கொள்வார்களா என்பதுதான் வழியெல்லாம் என் பயம். ஒழுங்காக அழுதாலாவது சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை.

துக்கம் கேட்கக் கேத வீட்டுக்கு வருகிறவர்களை எங்கள் பக்கம் ‘வாங்க’ என்று சொல்வதில்லை. போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். வீட்டு ஆண்கள் பேசாமல் கையை நீட்டினால், வந்தவர்கள் தொட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள். அக்கா இதையெல்லாம் காதில் ஓதித்தான் என்னை வாசலில் நிறுத்தினாள்.

சாயல்குடியிலிருந்து தாய்மாமன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். வரிசையாக, குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார்கள். அந்த வரிசைதான் என்னைக் கெடுத்தது. கை கூடியது. பல் அத்தனையும் தெரிந்தது. “வணக்கம், வாங்க” என்றேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. உள்ளங்கையை விரித்து நாற்காலி வேறு காட்டினேன். ஒப்பாரி பாதியில் நின்றது. (அய்யா மட்டும்தான் கோபப்படவில்லை.)

அதோடு விட்டிருக்கலாம். எல்லாம் முடிந்து மாமன் சத்தமில்லாமல் வேனுக்கு நடந்தபோது, பின்னாலேயே போய், “நன்றி, மறுபடியும் வாங்க” என்றேன்.

மாமன் திரும்பி என்னை நிதானமாகப் பார்த்தார்.

“மறுபடியும் வரணும்னா இன்னொரு ஆளு சாகணும்ல, மாப்ள?”

வேனுக்குள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். விமானம் குலுங்கும்போதெல்லாம் சிரி, சிரி என்று என் முகத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கு அழு, அழு என்றால் அது என் பேச்சைக் கேட்கவே இல்லை. அய்யா போன நாளில் சிரித்துக்கொண்டு நிற்பவனுக்கு யார் வந்து ஆறுதல் சொல்வார்கள்? யாரும் வரவில்லை.

இப்போது வேலையை விட்டு அய்யா வீட்டில் தனியாக இருக்கிறேன். சொந்தத்தில் கேதம் என்றால், பந்தல்காரனுக்குச் சொல்வதற்கு முன்பே, என்னை வாசலில் நிறுத்திவிட வேண்டாம் என்று அந்த வீட்டுக்குப் போன் போய்விடுகிறது.

போன மாதம் உத்தரகோசமங்கையில் ஒரு கேதம். பக்கத்து நாற்காலிப் பெரியவர், யார் மகன் என்று கேட்டார். அய்யா பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. அக்கா குறுக்கே வந்து, மறுபடியும் வாங்க என்று சொன்னது இவன்தான் என்றாள்.

“அட, நம்ம ஆளா” என்று நாற்காலியை என் பக்கம் நெருக்கிப் போட்டார்.

அவ்வளவுதான். அய்யாவுக்கு வராத அழுகை அங்கே வந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, நிறுத்தவே முடியவில்லை. இறந்தவரை நான் உயிரோடு பார்த்ததே கிடையாது. அவருடைய மகன் எழுந்து வந்து, தன் அப்பாவுக்கு இவ்வளவு வேண்டியவர் ஒருவர் இருந்தது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா அதையும் இப்போது எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.