மாசிலாமணியின் மரணமில்லா வார்டு

அவசர மருத்துவத்தின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் 'சித்தூருக்கு முன்', 'சித்தூருக்குப் பின்' என்று இரண்டு பாகமாகத்தான் எழுதியாக வேண்டும். காரணம், சித்தூர் சஞ்சீவராயர் மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுத் தலைவர், பேராசிரியர் மாசிலாமணி. அவருடைய வார்டில் மூன்று ஆண்டுகளாக ஒருவர்கூட இறக்கவில்லை. இதை அவர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். உலகெங்கும் முந்நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். காலையில் மற்றவர்கள் சுகர் பார்ப்பதுபோல அவர் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பார். ஏறியிருந்தால் இட்லி இரண்டு கூடுதலாக இறங்கும்.

முறை மிக எளியது. இறந்துபோவார் என்று தோன்றுகிற நோயாளியை, இறப்பதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றித் திருப்பதிக்கு அனுப்பிவிட வேண்டும். கட்டுரையில் இதற்கு 'உரிய நேரத்தில் உரிய திசை' என்று பெயர். நாளடைவில் வார்டில் 'திருப்பதி' என்பதே ஒரு நோயின் பெயராகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, கல்லூரி நடத்திய பாராட்டு விழாவில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது பேராசிரியருக்கு நெஞ்சை அடைத்தது. சட்டை நனைந்துபோனது. அவருடைய வார்டுக்கே அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டியூட்டி டாக்டர் யாமினி அவரிடமே படித்தவள். ஈசிஜி தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்குது?"

"திருப்பதி சார்."

அந்தச் சொல் இவ்வளவு குளிரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"மருந்து இங்கயே இருக்குதே யாமினி. நான்தானே வாங்கி வச்சேன்."

"இருக்குது சார். போட்டு ஏதாவது ஆயிட்டா மூணு வருஷ டேட்டா கெட்டுப்போயிடும். டேட்டாதான் முக்கியம்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க."

மாணவி பாடத்தை மறக்கவில்லை என்று ஒரு கணம் பெருமை வந்தது. அடுத்த கணம் வலி வந்தது.

ஆம்புலன்ஸில் மனைவி சுலோச்சனாவும் ஏறிக்கொண்டாள். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கணவரின் கட்டுரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. வழிநெடுக அவர் கையைப் பிடித்திருந்தாள். பாகாலா தாண்டும்போது அவர் கேட்டார்: "இன்னும் எவ்ளோ தூரம்?" இந்த வண்டியில் இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று முதன்முறையாக யோசித்தார். யோசித்ததும் வலி கூடியது. ஆகவே யோசனையை நிறுத்திக்கொண்டார்.

திருப்பதி பைபாஸில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிபிரசாத் அவரைப் பார்த்ததும் பரவசத்துடன் கும்பிட்டார்.

"சார், உங்க கட்டுரைய என்னோட எல்லாக் கட்டுரையிலயும் மேற்கோள் காட்டியிருக்கேன். போன வருஷத்துலருந்து இங்கயும் உங்க முறைதான். ஒரு சாவு கிடையாது."

"ரொம்ப சந்தோஷம். என்னை எங்க அனுப்பப்போறீங்க?"

"சென்னைக்கு சார்."

சுலோச்சனா ஸ்ட்ரெச்சருக்கும் வாசலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவர இனிமே எங்கியும் இட்டுக்கினு போவ வாணாம். ஊசிய இங்கியே போடு நைனா."

"போடலாம்மா. பேஷண்ட்டுனு அட்மிட் பண்ணி, ஏதாவது ஆயிடுச்சுன்னா எங்க ரெக்கார்டு…"

"பேஷண்ட்டுனு உன்ன யாரு எழுதச் சொன்னது? புரொபசர் வந்துக்கினாருன்னு எழுது."

ஹரிபிரசாத்தின் முகம் மலர்ந்தது. மாசிலாமணி 'வருகைதரு பேராசிரியர்' என்று பதிவு செய்யப்பட்டார். அந்தப் பதவியில் இருப்பவர் இறந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது என்பதால், எல்லோரும் மிகுந்த நிம்மதியுடன் அவருக்கு ஊசி போட்டார்கள்.

பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய அன்று சுலோச்சனா அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் உக்காந்ததால நீங்க பொழைச்சீங்க. உக்காரத் தெரியாதவங்க போய்க்கினே இருந்திருப்பாங்க. இனிமேலாவது வர்றவங்களுக்கு அங்கியே வைத்தியம் பாருங்க."

பேராசிரியரின் கண் கலங்கியது. "இதப் பத்திக் கண்டிப்பா எழுதறேன் சுலோச்சனா" என்றார்.

எழுதினார். 'சித்தூர்–திருப்பதி சாலையில் மாரடைப்பு நோயாளிகள்: நூறு சதவீதம் உயிர்பிழைப்பு' என்பது தலைப்பு. மேற்கோள்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆய்வில் சேர்க்கப்பட்டவர் ஒருவர். அதே சாலையில் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் சேர்க்கப்படவில்லை; அவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து பெற இயலவில்லை என்று அடிக்குறிப்பு வருத்தம் தெரிவிக்கிறது.