ழ, ள, ற, ன இல்லாத கலியாணக் காட்

எனக்கு ஒரு வருத்தம், வியாதி என்றே சொல்லலாம், உண்டு. ஒரு பொருள் சும்மா கிடந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடி இல்லாத போத்தல், போத்தல் இல்லாத மூடி, போன வருடத்துக் கலண்டர், ஒற்றைச் செருப்பு, எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். தூக்கி எறிந்த பிறகுதான் மூச்சு வரும். (எறிந்த கையோடு வீட்டில் யாராவது அதைத் தேடுவார்கள். அது வேறு கதை.) என் கணவர் இன்றைக்கும் ஒரே கதிரையில் அதிக நேரம் இருக்கப் பயப்படுவார்.

இந்த வருத்தம் உச்சத்தில் இருந்தது எண்பதுகளின் கடைசியில். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும், கூப்பிடுமா என்றே தெரியாமல் யாழ்ப்பாணத்து நெல்லியடியில் எங்கள் வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தேன். சமையல் குசினிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நான் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அலுமாரிகளை ஒதுக்கினேன். ஒதுக்கியவற்றைத் திரும்பவும் ஒதுக்கினேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இவளை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ. இனி என்னைத்தான் எறியப்போறாள்."

ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை எங்கள் அண்ணையின் கொம்பியூட்டர் வகுப்பில் கொண்டுபோய் விட்டார்.

அண்ணை சந்தைக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் அந்த வகுப்பை நடத்தினார். வகுப்பு என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, அம்மை போட்ட குழந்தையைப் பார்ப்பதுபோலக் கவலையோடு பார்ப்பார்கள். கரண்ட் வந்தால் பாடம். போனால், கொம்பியூட்டரைப் பற்றி அண்ணை கரும்பலகையில் படம் கீறுவார்.

ஆனால் அண்ணையின் உயிர் வகுப்பில் இல்லை. அவர் அந்தக் கொம்பியூட்டருக்குத் தமிழ் எழுத்துகளைக் கீறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து, பிறின்ரரில் அடித்துப் பார்த்து, கால் கோணல், சுழி பெரிது என்று திரும்பவும் அழித்துக் கீறுவார். 'க'வில் தொடங்கி வரிசையாக வந்தார். 'ண'வுக்கு வந்ததும், பெண்சாதியோடு சண்டை பிடிக்கிற ஆள்மாதிரி பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். (அவருக்கு அப்போது கலியாணமே ஆகவில்லை.) கடைசியில் 'ன' வரைக்கும் முடித்த அன்று, கீழே இறங்கிப் போய் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. கரண்ட் ஒருநாள் போய், வரும்போது வெறிகொண்டு வந்தது. கொம்பியூட்டர் எழும்ப மறுத்துவிட்டது. அண்ணை அதைக் கழற்றி, ஊதி, கும்பிட்டு, உள்ளே மிஞ்சியிருந்ததை எல்லாம் அள்ளி 'ஓல்ட்' என்று பெயரிட்ட ஒரு பகுதிக்குள் பத்திரமாகப் போட்டார். பிறகு, முன்பு எப்போதோ பிளொப்பிகளில் எடுத்து வைத்த பிரதியைத் திரும்ப ஏற்றினார். கொம்பியூட்டர் எழும்பிவிட்டது. எழும்பிய கையோடு அண்ணை, "நல்ல சாமான் கொஞ்சம் வாங்கவேணும்" என்று கொழும்புக்கு வெளிக்கிட்டுவிட்டார்.

போகும்போது எனக்கு ஒன்று சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கு. நீ அக்கான்ரை கலியாணக் காட்டை அடிச்சுப்போட்டு பிறின்ற் பண்ணு. வேறையொண்டிலையும் கை வையாதை."

அக்கா வசந்திக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துக் கொழும்புத்துறை. பெயர் நடேசன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஐயா, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர், 'எங்கடை அழைப்புக் காட் கொம்பியூட்டரிலைதான்' என்று ஊர் முழுவதும் தந்தி அடித்து முடித்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். அச்சுக்கூடம் வைத்திருந்தவரிடம் நேரே போய், "இனி உங்கடை ஈய எழுத்தை உருக்கி மீன்வலைக்குக் கட்டலாம்" என்றும் சொல்லிவிட்டு வந்தார். ஆக, திரும்பிப் போக வழியில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்குக் காட்டுகளை எடுக்க அடுத்தநாள் காலமை வருகிறார்கள். நான் மத்தியானம் கரண்ட் வந்ததும் போய் இருந்தேன். ஐயா எழுதித் தந்ததை அடித்து முடித்தேன். (திரையில் இங்கிலிஷ் எழுத்துத்தான் நிற்கும், தமிழ் பிறின்ரரில்தான் தெரியும்.) சேமிக்கச் சொன்னேன். 'இடமில்லை' என்றது கொம்பியூட்டர்.

எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. கரண்ட் எந்த நேரமும் போகலாம். உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்தேன். எல்லாம் இரண்டிரண்டாகக் கிடந்தது. திரும்ப ஏற்றிய புதுப் பிரதி ஒன்று, 'ஓல்ட்' என்ற பெயரில் பழையது ஒன்று.

பழையது! சும்மா கிடக்கிறது! இடத்தை அடைத்துக்கொண்டு!

என் கை எப்படித் துறுதுறுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கட்டளையில் அத்தனையையும் துடைத்தேன். 'நிச்சயமாகவோ?' என்று அது கேட்டது. அப்படிக் கேட்டது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. ஓம் என்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். மலைபோல இடம் வந்தது. ஒரு வளவு முழுக்கக் கூட்டிவிட்டு நிமிர்ந்த சுகம்.

பிறகு காட்டைப் பிறின்ரரில் அடித்தேன். 'மணமக' என்று வந்து, பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி நின்றது. கீழே இன்னொரு 'மணமக', இன்னொரு பெட்டி. எது மணமகன், எது மணமகள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறின்ரரைத் தட்டினேன். ரிபனைக் கழற்றிப் பூட்டினேன். திரும்பவும் பெட்டி. கடைசியில் அரிவரிப் பிள்ளைமாதிரி க, ங, ச என்று வரிசையாக அடித்துப் பார்த்தேன். ல வந்தது. வ வந்தது. பிறகு நாலு பெட்டி.

அப்போதுதான் விளங்கியது. அண்ணை பிளொப்பியில் பிரதி எடுத்தது 'வ' முடித்த நாட்களில். ழ, ள, ற, ன நாலும் அதற்குப் பிறகு கீறியவை. அவை இருந்த ஒரே இடம் 'ஓல்ட்'. பெயர்தான் பழையது. புதியது அதுதான். (இந்தக் காலமென்றால் குப்பைத் தொட்டிக்குள் கை விட்டுக் கிண்டி எடுக்கலாம். எங்கள் கொம்பியூட்டருக்குக் குப்பைத் தொட்டி கிடையாது. போனால் போனதுதான்.)

சைக்கிளில் ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தேன். விசயத்தைச் சொன்னேன். ஐயா கொம்பியூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாலெழுத்துத்தானே பிள்ளை. இடம் விட்டு அடி. பேனையாலை எழுதி விடுவம்."

ஒரு காட்டில் எழுதிப் பார்த்தோம். பல்லு விழுந்த வாய்க்குள் பொய்ப்பல்லுக் கட்டினமாதிரி இருந்தது. ஐயாவே அதைக் கிழித்தார்.

"கொம்பியூட்டர் காட் எண்டுபோட்டுக் கையெழுத்தோ? அந்த அச்சுக்கூடக்காரன் சிரிச்சே செத்துப் போவான். அந்த நாலும் இல்லாமல் எழுதுவம். தமிழிலை சொல்லுக்கோ பஞ்சம்?"

பஞ்சம்தான். அன்றைக்குத்தான் கண்டோம். 'அன்பு' என்று தொடங்க முடியாது. 'அழைப்பிதழ்' கிடையாது. மணமகன் இல்லை, மணமகள் இல்லை. நாள் போடலாம் என்றால் ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் அவுட். மிஞ்சியது செவ்வாய் ஒன்று. செவ்வாயில் யார் கலியாணம் வைப்பது? ஐயா அறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தார். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். நடுவில் இரண்டு தரம் மோதினோம்.

அடுத்த இடி அவருடைய பெயரிலேயே விழுந்தது. ஐயா, வேலாயுதம்பிள்ளை. திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பிள்ளை, என்ரை பிள்ளை எங்கை?"

"பிள்ளையை எடுக்க வேண்டி வந்திட்டுது ஐயா. 'ளை' இல்லை."

"வேலாயுதத்தோடை நிக்கிறனே? வண்டில்காரன்ரை பேர்மாதிரி!"

கீழே கடைவாசலில் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவின் காதில் 'பிள்ளையை எடுக்க வேண்டி வந்திட்டுது' என்பது மட்டும் விழுந்து, அவ போத்தலைப் போட்டு உடைத்தது தனிக்கதை.

மாப்பிள்ளையின் பெயரிலும் ஒரு 'ன்' நின்றது. நடேச என்று விட்டால் அந்தரத்தில் தொங்குகிறது. ஐயாதான் கண்டுபிடித்தார்.

"'ர்' போடு. நடேசர். மரியாதையாயும் இருக்கும்."

கரண்ட் நிற்கச் சற்று முன்னர், கடைசிக் காட்டும் வெளியே வந்தது. அது இப்படி இருந்தது:

"சிவமயம். பெரியோர்க்கு வணக்கம். நெல்லியடி திரு. திருமதி வேலாயுதம் அவர்தம் செல்வி வசந்திக்கும், திரு. திருமதி சோமசுந்தரம் அவர்தம் புதல்வர் நடேசருக்கும் ஆவணியில் விவாகம். குடும்பமாக வந்து ஆசி தருக. விருந்து உண்டு."

(திகதி இலக்கத்தில் இருந்தது. இலக்கங்களுக்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.)

அடுத்தநாள் மாப்பிள்ளையின் தகப்பன் சோமசுந்தரத்தார் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காட்டைக் கையில் நீட்டிப் பிடித்து, தேவாரம்மாதிரி இழுத்து வாசித்தார். 'நடேசருக்கும்' என்ற இடத்தில் நின்றார்.

"என்ன, எங்கடை பொடியனைக் கிழவனாக்கிப் போட்டியள்?"

"மரியாதைக்கு," என்றார் ஐயா.

திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். இந்தமுறை முகம் இறுகிவிட்டது.

"உங்கடை நெல்லியடி நிக்குது. எங்கடை ஊர் எங்கை?"

கொழும்புத்துறை! 'ழு'வும் 'றை'யும் ஒரே பெயருக்குள். வேறு என்ன செய்ய முடியும், விட்டுவிட்டோம். எனக்குச் சும்மா நிற்க முடியாது என்று சொன்னேனே, நான் முன்னுக்கு வந்தேன்.

"அது மாமா, கொம்பியூட்டரிலை..."

"அப்ப எங்கடை ஊருக்கு உந்தக் கொம்பியூட்டரிலை இடமில்லையோ?"

"ஓம் மாமா," என்றேன், உதவி செய்கிற நினைப்பில். "இடமில்லாமல்தான் அழிச்சனான்."

அந்த மனிசன் எழும்பினார். தேத்தண்ணி தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. "அழிச்சனியளோ? அப்ப சரி," என்றார். காட்டுகளைக் கட்டாக மேசையில் வைத்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். அவர் பின்னால் ஐயா ஓடினார். ஐயாவின் பின்னால் அம்மா ஓடினா. நான் ஓட வெளிக்கிட, அறைக்குள் இருந்து அக்கா வந்து என் பின்னலைப் பிடித்தா.

"நீ இரு. நீ கதைச்சது காணும், போதும்."

அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தா. ஒருவரும் சாப்பிடவில்லை. ஐயா, அச்சுக்கூடக்காரரின் காலில் விழலாமா என்று தனக்குள் கதைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். நான் கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்தேன். எறியவும் ஒரு சாமான் மிஞ்சியிருக்கவில்லை, நான் ஏற்கெனவே எல்லாவற்றையும் எறிந்திருந்தேன்.

அதற்கடுத்தநாள் மத்தியானம் படலையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. வேர்த்து விறுவிறுத்து, வல்லை வெட்டவெளிக் காற்றில் தலைமயிர் எல்லாம் எழும்பி நிற்க, மாப்பிள்ளை நின்றார். வழியில் இராணுவச் சென்றிகளில் மறித்துக் கேட்டதால் நேரம் போய்விட்டதாம். கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை தனியே பெண் வீட்டுக்கு வருவதோ? அம்மா குசினிக்குள் ஒளித்துவிட்டா.

அவர் ஐயாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சேட்டுப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தார்.

"அப்பாவின்ரை கோவம் ஊருக்காகத்தான் மாமா. ஊரை நானே எழுதிவிடுறன். எங்கடை கையாலை எழுதினால் அவர் ஒண்டும் சொல்லேலாது."

ஐயா காட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாப்பிள்ளை, சோமசுந்தரத்துக்கு முன்னால் இருந்த வெற்று இடத்தில் அழகாகக் 'கொழும்புத்துறை' என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அறைக்கதவு திறந்தது. அக்கா வந்து மற்றப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. இரண்டுபேரும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

"'றை'யைக் கொஞ்சம் சின்னனா எழுதுங்கோ. முட்டுது," என்றா அக்கா.

"பேரையும் திருத்திவிடட்டே?" என்று கேட்டார் அவர்.

அக்கா காட்டைப் பார்த்தா. முதல் தரமாகச் சிரித்தா.

"வேண்டாம். நடேசர் நல்லாத்தான் இருக்கு."

அதன்பிறகு அந்த மேசையில் பேனை மட்டுமா ஓடியது? பின்னேரம் வரைக்கும் கதைத்தார்கள். எழுதி முடிந்த பிறகும் எழுதுகிறமாதிரி இருந்தார்கள். நான் இடையில் போய் முடிந்த காட்டுகளை ஒதுக்கி வைக்கப் பார்த்தபோது, ஐயா என் காதைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

காட் போன இடமெல்லாம் ஒரு கதையும் கூடப் போனது. வேலாயுதத்தின் மூத்தவளுக்கு வயசான மாப்பிள்ளையாம், காட்டிலேயே 'ர்' போட்டிருக்குதாம், இரண்டாந்தாரமாம். கிழவரைப் பார்க்க அழைத்தவர்களும் வந்தார்கள், அழையாதவர்களும் வந்தார்கள். மணவறையில் மாப்பிள்ளையான அத்தானைக் கண்டுவிட்டு, "கிழவர் எங்கை?" என்று ஒரு மனிசி என்னிடமே கேட்டா. இரண்டாம் பந்தியிலேயே சோறு தட்டுப்பாடாகிவிட்டது. அச்சுக்கூடக்காரரும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு ஐயாவிடம், "ஈய எழுத்து உருக்கேல்லை, வேணுமெண்டால் வாங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை வந்து விசயம் அறிந்து என்னை ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார். பிறகு 'ழ'வில் இருந்து திரும்பவும் கீறத் தொடங்கினார். 'ற' வரைக்கும் வந்தார். அந்த நேரம் சண்டை மூண்டு எங்கள் பக்கத்துக்குக் கரண்டே நின்றுவிட்டது. வருடக்கணக்காக நின்றது.

அத்தானும் அக்காவும் கொழும்புத்துறையில்தான் இருக்கிறார்கள். போன வருடம் அத்தானுக்கு அறுபது தாண்டியதற்கு ஒரு விருந்து வைத்தார்கள். காட் அடிக்க யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடைக்கு அக்காவோடு நானும் போனேன். (என்னை வாசலிலேயே இருக்கச் சொன்னா.) கடைக்காரர், அக்கா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, அடித்துக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, உதிலை நடேசர் எண்டு பிழையா எழுதியிருக்கிறியள். நடேசன் எண்டு மாத்திவிடட்டே?"

"வேண்டாம்," என்றா அக்கா. "இவ்வளவு நாளும்தான் பிழை. இப்பதான் அந்தாளுக்கு அந்தப் பேருக்கேத்த வயசு வந்திருக்கு."