படுக்கையறை இடையூறு குறித்து

இந்த உலகம் ஒவ்வொரு நாள் காலையிலும் பத்திரமாகக் கண் விழிக்கிறது என்றால், அதற்கு ராணுவமோ மருத்துவமோ காரணமில்லை. இரவெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹாம் ரேடியோ அன்பர்களே காரணம். புயலில் கம்பங்கள் சாயலாம், போன்கள் செத்துப் போகலாம். அப்போதும் ஒரு ஆண்டெனாவையும் ஒரு பேட்டரியையும் வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசக்கூடியவர்கள் அவர்கள். புயல் வராத நாட்களில், பழக்கம் விட்டுப் போகக் கூடாதே என்று, வானிலை பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

அவளுடைய கணவர் அந்தத் தியாகிகளில் ஒருவர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை. பக்கத்தில் இருப்பது தெரியாதவர்களுக்கும் தூரத்தில் இருப்பது தெரியாதவர்களுக்கும் அளவு பார்த்துக் கண்ணாடி செய்து கொடுப்பார். இரவில், படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில், உலகத்துக்காக விழித்திருப்பார். 'ஆபத்தில் முதலில் கேட்கும் காது' என்பது அவர்கள் சங்கத்தின் முழக்கம். அதைச் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையாகவே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அவளுக்குக் குடிநீர் வாரியத்தில், புகார்ப் பிரிவில் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, நாறாவிட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களிடம் மனு வாங்கி, எண் போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். எந்தத் துன்பமும் உரிய படிவத்தில் எழுதிய பிறகுதான் துன்பமாகும் என்பதைப் பத்தொன்பது வருட அனுபவம் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

அவள் குறட்டை விடுவாள். அது மைக்கில் விழுந்து சங்கத்தின் மானம் போகிறது என்று கணவர்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்துவிட்டு டாக்டர் வேறு கதை சொன்னார்.

"குறட்டைய விடுங்கம்மா. நடுநடுவுல மூச்சு நின்னு போகுது பாருங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு. இந்த மெஷின் இல்லாம இனிமே ஒரு நாள் கூடப் படுக்கக் கூடாது."

மெஷின் செங்கல் அளவுதான். ஒரு குழாய், மூக்கில் ஒரு மூடி, அவ்வளவே. முதல் நாள் காலையில், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, தலைவலி இல்லாமல் எழுந்தாள். மதியம் மனுக்களின் மேல் தூங்கி விழவில்லை. கணவருக்கும் சந்தோஷம். வீட்டில் குறட்டைச் சத்தமே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் இரண்டு நாள். மூன்றாம் இரவு அவருடைய ரேடியோ குறட்டை விட ஆரம்பித்தது. இரண்டு நாள் வேறு அலைவரிசையில் பேசிவிட்டு வழக்கமானதற்குத் திரும்பினால், அங்கே ஓயாமல் ஒரு 'டர்ர்ர்'.

அவர் பதறவில்லை. பயிற்சி பெற்றவர். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டிலிருந்த ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் குற்றமற்றது. மின்விசிறி குற்றமற்றது. கடைசியில் இரவு ஒரு மணிக்குப் படுக்கையறைக்குள் வந்து, அவள் தலைமாட்டில் இருந்த சுவிட்சைத் தட்டினார். காற்று நின்று, மூச்சு முட்டி, அவள் எழுந்து உட்கார்ந்தபோது சுவரோரம் ஒரு விஞ்ஞானியின் முகம் தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். நீதான்."

"நானா?"

"உன் மெஷின். கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள் அவள் மெஷின் வாங்கிய கடைக்குப் போன் போட்டாள். எடுத்தது பழுது பார்க்கும் பெண். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ரேடியோக்காரர்கள் வீட்டில் இது சகஜம் என்றாள். இரைச்சலை அடக்க, மெஷினின் ஒயரில் கருப்பாக ஒரு இரும்பு வளையத்தை மாட்டி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், ரேடியோ இருக்கும் சுவரில் பிளக்கைச் செருகக் கூடாது, ஐந்து நிமிட வேலை என்றும் சொன்னாள்.

இதைக் கேட்ட கணவர், மழலை கேட்டவர்போலப் புன்னகைத்தார். சங்கத்தின் விதிமுறை அவ்வளவு எளிதல்ல. இடையூறு தருபவரை உறுப்பினர் நேரில் அணுகக் கூடாது, கைகலப்பு ஏற்படும். படிவம் ஏழின் மூலம் எழுத்தில் தெரிவித்து, பதினைந்து நாள் அவகாசம் தந்து, குழு வந்து பார்வையிட்டு, அதன் பிறகே வளையம் போன்ற 'மேல்நடவடிக்கை'.

"இப்ப நேர்லதானே பேசிட்டிருக்கீங்க?"

"இது பேச்சில்லம்மா, வீடு. அது வேற."

அதற்கு நான்காம் நாள் பதிவுத் தபால் வந்தது. அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் மாறி மாறிப் பார்த்த தபால்காரர், வீட்டில் எல்லாரும் சுகம்தானே என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். படிவம் ஏழு, 'அன்புடையீர்' என்று தொடங்கியது. இடையூறு தரும் பொருள்: மூச்சுக் கருவி. உரிமையாளர்: மனைவி. தொலைவு: எட்டடி. இயங்கும் நேரம்: உரிமையாளர் உறங்கும் நேரம். படிவத்தில் பிழை எதுவும் இல்லை என்பதை அவள் தொழில்முறையில் ஒப்புக்கொண்டாள். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் ஒரு வெற்றுப் படிவமும் வைத்திருந்தார்.

தபால் வந்த பதினாறாம் நாள் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் அளவு நாடாவோடு வந்தார்கள். எட்டடியை அளந்து, எட்டடிதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, அறிவியலின் நலன் கருதி ஒரு இரவு மட்டும் மெஷினை அணைத்துவைத்து 'ஒப்பீட்டுச் சோதனை' நடத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி எனக்கு மூச்சு நின்னா?" என்று கேட்டாள்.

"என்ன அண்ணி, சார் முழிச்சிட்டுதானே இருக்கப் போறாரு? அவசரத்துக்குன்னே பயிற்சி எடுத்தவராச்சே," என்றார் செயலாளர்.

அவர்கள் போன பிறகு கணவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "எட்டடியில நான் இருக்கேன்ல," என்றார். கல்யாணம் பேசி முடித்த அன்று பேசிய அதே குரல். அந்தக் குரலுக்கு இருபத்து மூன்று வருடமாக அவள் இணங்கியே வந்திருக்கிறாள். சரி என்றாள். கூட்டக் குறிப்பில், 'இடையூறு ஒத்துழைத்தது' என்று பதிவாயிற்று.

சோதனை இரவில் அவள் மூடி இல்லாமல் படுத்தாள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். குறிப்பெடுக்கக் கை வேண்டும் என்பதால் மைக்கைத் தானியங்கி முறையில் வைத்தார். அதாவது, பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, மைக்கில் எந்தச் சத்தம் விழுந்தாலும் அது தானாகவே கடல் கடந்து போகும். நள்ளிரவுக்கு மேல், ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீவில் மீன் பதனிடும் ஆலையின் இரவுக் காவலர் கிடைத்தார். ஒன்றரை மணி நேரம் பேச்சு.

காலையில் அவளுக்குத் தலை பிளந்தது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"தெளிவுன்னா அப்படி ஒரு தெளிவு. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு."

"நான் எப்படி இருந்தேன்?"

"நீயா? ஒரு சத்தமும் இல்லையே," என்றார். பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது: 'உள்ளூர் இடையூறு: இல்லை.'

சோதனை மாபெரும் வெற்றி. இறுதி அறிக்கை வரும்வரை இரவு பன்னிரண்டு முதல் மூன்றுவரை மெஷினை இயக்கலாகாது என்று சங்கம் இடைக்கால ஏற்பாடு செய்தது. அந்த மூன்று மணி நேரமும் அவள் திணறித் திணறி விழித்தாள். அலுவலகத்தில் ஒரே மனுவுக்கு இரண்டு எண் போட்டாள். ஒரு நாள் மதியம், தண்ணீர் வராத ஒருவர் அவளை எழுப்பி, அம்மா உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு அட்டை வந்தது. ரேடியோவில் பேசியவர்கள், பேசியதற்குச் சான்றாக அட்டை அனுப்பிக்கொள்வது வழக்கம். முன்பக்கம் தீவின் படம். பின்பக்கம் தேதி, நேரம், 'குரல் தெளிவு: ஐந்துக்கு ஐந்து'. அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், நெருக்கமான கையெழுத்து:

'நீங்கள் பேசாத நேரத்தில் உங்கள் பக்கமிருந்து யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. அது நடுவில் நின்று நின்று வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒரு முறை நாற்பத்தொரு விநாடி. போய்ப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் அங்கே வானம் தெளிவாக இருக்கிறது என்றீர்கள். அவர் நலமா?'

வாசலில் நின்றபடியே அவள் அதை மூன்று முறை படித்தாள். முகம் தெரியாத ஒரு ஆள், மீன் வாடையடிக்கும் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து, அவளுடைய மூச்சை விநாடி விநாடியாக எண்ணியிருக்கிறான்.

மாலையில் கணவரும் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, மைக் எவ்வளவு நுணுக்கம்னு. அடுத்த ரூம்ல இருக்கற உன்னையே பிடிச்சிருக்கு."

"உங்களுக்குக் கேக்கலையா?"

"நான்தான் ஹெட்போன் போட்டிருந்தேனே."

அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுவதென்றும், இவ்வாண்டின் 'கூர்செவி விருது' அவருக்கே என்றும் அன்றிரவே செயலாளர் போனில் தெரிவித்தார்.

மறுநாள் உணவு இடைவேளையில் அவள் எலெக்ட்ரிக் கடைக்குப் போனாள். வீட்டுக்கு வந்ததும் ஒயரை வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றினாள். பிளக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். நாலரை நிமிடம் ஆயிற்று. மெஷினைப் போட்டுவிட்டு ரேடியோவையும் போட்டுக் கேட்டாள். 'டர்ர்ர்' இல்லை. அன்றிரவு மூடியை மாட்டிக்கொண்டு விடியும்வரை தூங்கினாள். பிறகு அந்த வெற்றுப் படிவத்தை எடுத்து, பத்தொன்பது வருடம் பழகிய கையெழுத்தில் நிரப்பி, சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

'இடையூறு தரும் பொருள்: ஹெட்போன் மாட்டிய கணவர், ஒன்று.

உரிமையாளர்: மனைவி.

தொலைவு: எட்டடி.

இயங்கும் நேரம்: உரிமையாளருக்கு மூச்சு நிற்கும் நேரம்.

சாட்சி: மீன் ஆலைக் காவலர், ஆறாயிரம் கிலோமீட்டர். அட்டையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

தற்காலிகத் தீர்வு: இரும்பு வளையத்தைக் கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன் என்றார். மெஷினுக்குப் போட்டது போக ஒன்று மீதம் இருக்கிறது. உறுப்பினரின் இரண்டு காதுகளில் ஆபத்தில் முதலில் கேட்கும் காது எது என்று சங்கம் தெரிவித்தால், அதில் மாட்டிவிடுகிறேன்.'